முள்வாங்கியும் முதலையின் சிரிப்பும்

அந்தக் காலத்தில் முதலை பேசினால் மனிதன் நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓடினால் அது துரத்தி வந்து பேசும். எகிப்தில் நைல் நதிக்கரையில் இபி என்றொரு நாவிதன் இருந்தான். பூசாரிகள் உச்சி முதல் உள்ளங்கால் வரை மழித்துக்கொள்ளும் ஊர் அது. இபியின் ஒரே செம்புக் கத்திதான் வீட்டுக்குச் சோறு போட்டது.

ஒரு காலை, தண்ணீர் மொள்ளப் போன அவன் மனைவி மெரித் அலறினாள். இபி கத்தியும் கையுமாக ஓடினான். ஐயோ! மூன்று ஆள் நீள முதலை அவளை வாலால் வளைத்துப் பிடித்திருந்தது.

"ஈறுல மீன் முள்ளு குத்தியிருக்கு. மூணு நாளாப் பட்டினி. எடுத்துவிடு, இவளை விடுறேன். இல்லேன்னா, வலியோட வலியா இவளையே மென்னுடுவேன்!" என்றது முதலை.

இபி அதன் வாய்க்குள் கையை விட்டான். முள்ளின் நுனி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது, விரலுக்கு அகப்படவில்லை. கத்தியால் நெம்பினான். முதலை உறுமியது, வால் இறுகியது. மெரித்துக்கு மூச்சு முட்டியது.

அப்போது கரையில் ஒரு சின்னப் பறவை சேற்றிலிருந்து புழுவை அலகால் கவ்வி இழுத்தது. நூல் மாதிரிப் புழு, நழுவாமல் வந்தது! இபிக்குப் பொறி தட்டியது. கத்தியை முழங்காலில் வைத்து இரண்டாக மடக்கினான்.

"ஐயையோ, அது நம்ம சோறுங்க!" என்று கத்தினாள் மெரித்.

"நீ இருந்தாத்தானே சோறு!"

மடங்கிய செம்பின் இரு நுனிகளும் முள்ளைக் கவ்வின. இழுத்தான். வந்துவிட்டது! முதலையின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

விடுபட்ட மெரித் ஓடினாளா? இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு இத்துனூண்டு முள்ளுக்கா அழுகை?"

"உன் உடம்புல ஒண்ணை நீ பிடுங்கிப் பாரு, தெரியும்" என்றது முதலை.

மெரித்தா விடுவாள்? முள்ளை வாங்கிய அந்த முள்வாங்கியைப் பிடுங்கி, தன் புருவத்தில் நீட்டிக்கொண்டிருந்த முடியைச் சுண்டி இழுத்தாள். பொட்டென்று ஒரு சொட்டுக் கண்ணீர்! அழமாட்டேன் என்று வீம்புக்கு இன்னொன்று, மற்றொன்று. முடிக்கு ஒரு சொட்டு. முதலை வாயைப் பிளந்துகொண்டு சிரித்தது.

அழகாய்த் திருத்தமான அவள் புருவத்தைப் பார்த்து, மறுநாளே ஊர்ப் பெண்கள் இபியின் வாசலில் வரிசை கட்டினார்கள். கத்தி போட்ட சோற்றைவிட முள்வாங்கி தாராளமாகப் போட்டது.

அன்று தொடங்கியதுதான், எப்பேர்ப்பட்ட தைரியசாலிக்கும் புருவ முடியைப் பிடுங்கினால் கண்ணில் ஒரு சொட்டு நீர் வருவது. முதலையோ கரையேறிப் படுத்தால் இன்றும் வாயை மூடுவதில்லை. மெரித்தின் ஞாபகம் வந்துவிடுகிறது.