டேப் ஒட்டிய சுரம்

"என் தம்பிக்குக் காது கெட்டுப்போச்சு, டீச்சர்," என்றார் ஞானதிரவியம்.

பாளையங்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஐம்பது தாண்டியவர். பியூலா டீச்சருக்கு முப்பது இருக்கும். ஆனாலும் வயலினில் அந்தப் பெண்தான் குரு, இவர் சீடர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

டீச்சர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அவரு என்ன செஞ்சாரு?"

"கோயில் பாடகர் குழுவுல நான் வயலின், அவன் செல்லோ. நான் பிடிக்க ஒரு சுரம் புளிக்குதுன்னு சொல்லுதான். போன்ல டியூனர் வச்சுப் பாத்தேன். முள்ளு நட்டநடுவுல நிக்கு, பச்சை எரியுது. வயலின்ல அந்த இடத்துல டேப்பே ஒட்டிட்டேன். இதுக்கு மேல என்ன செய்ய?"

"அவருகிட்ட காட்டினீங்களா?"

"பாடகர் குழு முன்னாலேயே காட்டினேன். உனக்குத்தாம்ல காது சரியில்லன்னேன். செல்லோவைத் தூக்கிட்டுப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை கோயில்ல அசன விருந்து. என்கூட ஒரே பந்தியில உக்கார மாட்டானாம்."

குரல் இறங்கிவிட்டது. அம்மா போன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்தத் தம்பி ஒருத்தன்தான். அவன் இல்லாத பந்தியில் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கும்போது மனுஷன் லேசில் விடுவானா?

"நீங்க சொன்னா கேப்பான். அவன்தான் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வயலினை எடுங்க. டேப் மேல விரலை வைங்க."

வைத்தார்.

"பக்கத்துல இருக்க மெல்லிசுக் கம்பியையும் சேத்து வில்லைப் போடுங்க."

இரண்டும் சேர்ந்து ஒலித்தன. இனிமையாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஞானதிரவியம்.

"விரலை அசைக்காதீங்க. இப்ப இந்தப் பக்கத்துத் தடிச்ச கம்பியோட போடுங்க."

போட்டார். புளித்தது. நன்றாகவே புளித்தது.

விரலைப் பார்த்தார். டேப்பின் மேலேயேதான் இருந்தது. மறுபடி மெல்லிசுக் கம்பி. இனிமை. மறுபடி தடிச்ச கம்பி. அதே புளிப்பு.

"கம்பி இறங்கியிருக்கும்."

"டியூனரை வச்சுப் பாருங்க."

பார்த்தார். பச்சை.

"அந்தப் பாட்டுல தம்பி எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

அவர் யோசித்தார்.

"இந்தத் தடிச்ச கம்பிச் சுரத்தைத்தான்."

விரலை ஒரு மயிரிழை பின்னால் நகர்த்தினார். புளிப்பு போய்விட்டது. அப்படியே மெல்லிசுக் கம்பியோடு போட்டுப் பார்த்தார். இப்போது அங்கே கெட்டது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப இந்தச் சுரத்துக்குச் சரியான இடம் எதுதான்? ஒண்ணு சொல்லுங்க."

"யாருகூட வாசிக்கும்போது?" என்றார் டீச்சர்.

டீச்சர் மறுபடி கேரட்டை எடுத்தார்.

ஞானதிரவியம் போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தார். வெகுநேரம் மணி அடித்தது.

"என்ன?" என்றான் தம்பி.

"ஏல, சாயங்காலம் செல்லோவை எடுத்துட்டு வா. நீ முதல்ல உன் சுரத்தைப் பிடி. நான் வந்து சேந்துக்கிடுதேன்."