செவலை படுக்காமல் நின்ற கதை

அந்தக் காலத்தில் விலங்குகளெல்லாம் பேசும். குதிரையும் மாட்டைப் போல, நாயைப் போல, காலை மடக்கிப் படுத்துத்தான் தூங்கும்.

எல்லையோரச் சீமை ஒன்றில் எயினன் என்று ஒரு வேவுக்காரன் இருந்தான். பகைவர் நடமாட்டத்தைப் பார்த்துவந்து தலைவனிடம் சொல்வது அவன் வேலை. அவனைச் சுமப்பது செவலை என்ற பெண்குதிரையின் வேலை. அந்தச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேவு போய்த் திரும்பிய குதிரை தலைவன் வாசலில் சேணத்தோடு நிற்க வேண்டும். செய்தி உண்மைதான் என்று தெரிந்ததும் தலைவனே வந்து சேணத்தை அவிழ்ப்பான். அதற்குள் குதிரை படுத்துவிட்டால் செய்தி பொய் என்று அர்த்தம். சொன்னவன் தலை போய்விடும். குதிரையின் முழங்காலுக்கும் செய்தியின் உண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் வடக்குக் கணவாயில் பகைவர் படை இறங்குவதை எயினன் பார்த்துவிட்டான். கணவாய்க்கும் ஊருக்கும் நடுவே தண்ணீர் இல்லாத பொட்டல்காடு. மாற்றுக் குதிரையும் கிடையாது. இரவு பகல் பாராமல் விரட்டினான். செவலையின் வாயில் நுரை தள்ளியது, குளம்பு வெடித்தது. தோல்பையில் இருந்த கடைசித் தண்ணீரை எயினனே குடித்தான். வழியில் ஒரு மேட்டில் செவலை தள்ளாடி நின்றது.

"கொஞ்சம் படுத்து எந்திரிக்கட்டுமா எயினா?"

"ஊரு போய்ச் சேரட்டும் தாயீ. நானே வைக்கோல் பரப்பி உன்னைப் படுக்க வைக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் செவலை மிச்ச தூரத்தையும் ஓடியது.

செய்தி கேட்ட தலைவன் அப்போதே படையோடு கிளம்பிவிட்டான். எயினனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, கட்டிலில் படுக்க வைத்தார்கள். செவலையை வாசல் கல்லில் கட்டித் தண்ணீர் காட்டினார்கள். சேணத்தைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. பக்கத்தில் அசைபோட்டுக் கிடந்த வெள்ளாடு இரக்கப்பட்டு, காவல்காரன் கண்ணயர்ந்திருக்கிறான், சும்மா படுத்துக்கொள் என்றது.

"நான் படுத்தா அவன் கழுத்து போயிரும்" என்றது செவலை.

கால் நடுங்கியது. கண் சொருகியது. பின்னங்கால்களில் ஒன்றை மாற்றி ஒன்றைத் தளர்த்தி, நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டது.

தலைவன் வென்று திரும்பினான். எயினன் தலை தப்பியது. அது மட்டுமா? இவ்வளவு தூரம் இவன் எப்படித்தான் தாங்கினானோ என்று ஊரே வாய் ஓயாமல் அவனைப் புகழ்ந்தது. விருந்துச் சந்தடியில் தலைவன் சேணத்தை மறந்தே போனான். மாலையும் கழுத்துமாக எயினன் வெளியே வந்தபோது செவலை தலையைத் தூக்கியது.

"இப்பப் படுக்கலாமா?"

எயினன் அதன் பிடரியைத் தட்டிக்கொடுத்தான். "இன்னும் கொஞ்சம் நில்லு தாயீ. உன்னைப் பார்க்கச் சனம் வருது. படுத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

செவலை அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. இவர்களிடம் பேசி இனி என்ன ஆகப்போகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. மனம் கசந்து வாயை மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் குதிரைகள் பேச்சை விட்டன, நின்றபடியே தூங்குகின்றன. ஆளில்லாத நேரம் பார்த்துச் சற்றுப் படுத்தாலும், மனிதக் காலடி கேட்டதும் பதறி எழுந்து நின்றுவிடுகின்றன.