தலைவர் கேட்ட ரெண்டு ஆட்டின்

பிரிட்ஜ் மேஜையில் எதிராளி ஏலம் கேட்டுவிட்டால் போதும், கிளப் தலைவர் தணிகாசலத்துக்கு வாய் சும்மா இருக்காது. கையில் சீட்டு இருக்கோ இல்லையோ, மேலே ஏறிக் கேட்டுவிடுவார். கோப்பை ஆட்டத்தில் புள்ளி சமமாகி, கடைசிக் கை வந்தது. எதிர் ஜோடியில் கம்பவுண்டர் இருதயம். தலைவருக்கு ஒரே இளக்காரம்.

"யோவ், 'பாஸ்' தவிர வேற வார்த்தையே சொல்லாம ஜெயிச்சுக் காட்டு பார்ப்போம்! தோத்தா கிளப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதே!"

"சரிங்கய்யா. நீங்க மட்டும் தாராளமா கேளுங்க."

இருதயத்தின் ஜோடி மரகதம் டீச்சர் "ஒரு இஸ்பேட்" என்றார். அவ்வளவுதான்! ஜாக்கிக்கு மேல் ஒன்றுமில்லாத, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் சீட்டு அஞ்சை வைத்துக்கொண்டு தலைவர், "ரெண்டு ஆட்டின்!" என்று மேஜையைத் தட்டினார்.

ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி மூன்றும் இருதயம் கையில்! அவரோ "பாஸ்" என்றார். மற்றவர்களும் பாஸ்.

ரெண்டு ஆட்டின் கேட்டவர், ஆட்டினையே துருப்பாக வைத்து, பதிமூன்று பிடியில் ஆறுக்கு மேல் ரெண்டு, ஆக எட்டுப் பிடி எடுத்தாக வேண்டும். தலைவர் எடுத்தது மூன்று. குறைந்ததற்கெல்லாம் புள்ளி எதிராளிக்கு. கோப்பை போயே போச்சு!

"இவ்வளவு ஆட்டினை வெச்சுக்கிட்டு நீ ஏன்யா கேக்கலை?"

"என் சீட்டுக்கும் சேர்த்து நீங்களே கேட்டுட்டீங்களேய்யா!"

கிளப்பே சிரித்தது. அடுத்த வாரம் மரகதம் டீச்சர் மறுபடி "ஒரு இஸ்பேட்" என்றார். தலைவர் தன் சீட்டை ரெண்டு தரம் பார்த்தார், இருதயத்தை ஒரு தரம் பார்த்தார், ஆயுசில் முதல் தடவையாக "பாஸ்" என்றார்.