குதிரை வைத்தியனும் தவிட்டு முயலும்

கொங்கு நாட்டை முன்னொரு காலத்தில் ஒரு மன்னன் ஆண்டான். அவன் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவனுடைய குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த கோவனின் பெயர் தெரிந்தால் போதும். குதிரை நொண்டினால் கோவன். குதிரைக்குக் காய்ச்சல் கண்டால் கோவன். குதிரை வயிற்றுவலியில் புரண்டால் மன்னன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கூப்பிடுவதும் கோவனைத்தான். ஊரே இப்படித் தலையில் தூக்கிவைத்து ஆடினால் யாருக்குத்தான் தலை கனக்காது, சொல்லுங்கள்?

கோவனின் மனைவி நங்கை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லாயத்துக்கு வந்த புல்லுக்கட்டுக்குள் ஒருநாள் ஒரு முயல்குட்டி கிடந்தது. நங்கை பஞ்சைப் பாலில் நனைத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டி, அதைப் பிழைக்க வைத்தாள். தவிட்டு நிறமாக இருந்ததால் தவிட்டான் என்று பேர் வைத்தாள். கோவனோ லாயமே கதி என்று கிடப்பவன். அந்த வீட்டில் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது தவிட்டான் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் ஒரு காலை, தவிட்டான் புல்லைத் தொடவில்லை. மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. புழுக்கையும் போடவில்லை. நங்கை அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சமணப் பள்ளி இருந்தது. அதன் தலைவியான பெண் துறவியைக் குரத்தியார் என்று எல்லோரும் அழைப்பார்கள். முயல், கிளி, கீரி என்று சின்ன உயிர்களுக்கெல்லாம் அவர் வைத்தியம் பார்த்தார்.

"குரத்தியார்கிட்டக் கொண்டு போலாமுங்க," என்றாள் நங்கை.

கோவன் சிரித்தான். "மகராசாவோட குதிரைக்கே பார்க்கறவன் நான். இது வெறும் வயித்து உப்பசம். பட்டினி போடு, சரியாப் போயிரும்."

குதிரை வைத்தியத்தில் அதுதான் முதல் பாடம். வயிறு வலிக்கும் குதிரையின் முன்னாலிருந்து தீனியை எடுத்துவிட வேண்டும். நங்கையும் கணவன் சொல்லை நம்பிப் புல்லை எடுத்துவிட்டாள்.

மறுநாள் தவிட்டான் தலையைத் தூக்கவில்லை. "குரத்தியார்கிட்டக் கொண்டு போலாமுங்க," என்று நங்கை மறுபடியும் கேட்டாள்.

"நான் இருக்கறப்ப இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கறதா?" என்றான் கோவன். குதிரைக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் முயல் வாய்க்குப் பெரிது. ஆகவே ஒரு நாணல் குழாயைச் சீவி எடுத்து, அதன் வழியாக விளக்கெண்ணெயை ஊற்றினான். பட்டினியும் தொடர்ந்தது.

மூன்றாம் நாள் நங்கை கேட்கவில்லை. தவிட்டானைத் துணியில் சுற்றி மடியில் எடுத்துக்கொண்டாள். "நான் போறனுங்க. நீங்க வந்தா வாங்க," என்றாள்.

கோவன் முயலின் காதைத் தொட்டான். காது சில்லிட்டிருந்தது. குதிரையின் காது அப்படிச் சில்லிட்டால் சாவு நெருங்கிவிட்டது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எழுந்தான். ஆனாலும் யாரும் அடையாளம் காணக்கூடாது என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் பரிசலில் ஏறினான்.

பள்ளியின் முற்றத்தில் நோயுற்ற பிராணிகளோடு பலர் காத்திருந்தார்கள். நாய்க்குட்டியோடு வந்திருந்த அரண்மனைக் குதிரைக்காரன் ஒருவன் சட்டென்று எழுந்து நின்றான். "வைத்தியரய்யா, நீங்களா?" என்றான். எல்லாத் தலைகளும் திரும்பின. கோவன் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

குரத்தியார் முயலைக் கையில் வாங்கினார். நங்கையை வெந்நீர் வைக்க அனுப்பிவிட்டு, வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"நேத்து என்ன தின்னுச்சு?" என்று கேட்டார்.

கோவன் கூட்டத்தைப் பார்த்தான். "வழக்கம்போலப் புல்லுதானுங்க," என்றான்.

குரத்தியார் சுக்கும் ஓமமும் தட்டிக் கொதிக்க வைத்தார். காரம் மூக்கில் ஏறியது. "வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

கஷாயம் ஆறியது. ஒரு சிப்பியில் அதை எடுத்து முயலின் வாயருகே கொண்டுபோனார். அங்கேயே கையை நிறுத்தினார். "கடைசியாக் கேக்கறேன். இது வயித்துல தீனி இருக்கற முயலுக்கான மருந்து. நேத்து தின்னுச்சா?"

தவிட்டானின் கண் பாதி திறந்திருந்தது. நங்கை பஞ்சால் பாலூட்டிய அந்த வாய் இப்போது எதையும் மறுக்கும் நிலையில் இல்லை. கோவன் முக்காட்டை இழுத்துக் கீழே போட்டான்.

"தின்னலீங்க அம்மா. நான்தான் பட்டினி போட்டேன். விளக்கெண்ணெயும் ஊத்தினேன். எனக்குக் குதிரைதான் தெரியும். முயல் தெரியாது."

குதிரைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். வெந்நீரோடு வாசலில் வந்து நின்ற நங்கையும் கேட்டுவிட்டாள்; அவன் இவ்வளவு நேரம் பொய் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

குரத்தியார் கஷாயத்தைத் தரையில் கொட்டினார். "காலி வயித்துல இது இறங்கியிருந்தா குடல் வெந்திருக்கும். நோன்பு எங்களுக்கு உண்டு. முயலுக்குக் கிடையாது. அது தின்னுக்கிட்டே இருக்கணும். வயிறு நின்னா உசுரும் நின்னுரும்."

இளம்புல்லை அரைத்து, வெந்நீரில் கரைத்து, துளித்துளியாகப் புகட்டினார். சூடான துணியில் முயலைப் பொதிந்து, வயிற்றை நீவிவிட நங்கைக்குக் கற்றுக்கொடுத்தார்.

"பிழைக்குமாங்க?" என்றான் கோவன்.

"தெரியாது," என்றார் குரத்தியார்.

அவ்வளவு பெரிய வைத்தியர் அந்தச் சொல்லை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர்மேல் யாருக்கும் மதிப்புக் குறையவில்லை. கோவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்று முழுக்க நங்கை அவனோடு பேசவில்லை. இருவரும் மாறி மாறிப் புகட்டினார்கள், மாறி மாறி நீவினார்கள். மறுநாள் உச்சிவேளையில் துணியில் ஒரு புழுக்கை விழுந்தது. உளுந்து அளவுதான் இருக்கும். அரசனின் குதிரைகளைக் காத்த கோவன் அந்தப் புழுக்கையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தேம்பி அழுதான். தவிட்டான் ஒரு புல்லைக் கடித்தது.

"நேத்தும் வராம இருந்திருந்தா?" என்று நங்கை கேட்டாள். கோவன் இன்னொரு புல்லை எடுத்துத் தவிட்டானின் வாயருகே நீட்டினான்.

அவன் ஊர் திரும்பியபோது அரண்மனை பரபரத்துக் கிடந்தது. அரசியின் மான்குட்டி நோயில் விழுந்திருந்தது. மன்னன் சபை நடுவிலேயே அவனைக் கூப்பிட்டான். "கோவா, எங்கே போனாய்? இந்த மானைப் பார். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

மந்திரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவன் கைகூப்பினான்.

"எனக்கு மான் வைத்தியம் தெரியாதுங்க, மகராசா. தெரியாத வைத்தியத்தைப் பார்த்து என் வீட்டு முயலையே கொல்லப் பார்த்தேன். தெரிஞ்சவங்க அக்கரையில இருக்காங்க. பொழுது போக்காமப் பரிசலுக்குச் சொல்லுங்க."

மன்னன் மான்குட்டியைத் தானே கையில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தான்.

கேட்டவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: ஓர் உயிரைக் கையில் ஏந்தியவன், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று காலம் தாழ்த்தாமல் சொல்லி, தெரிந்தவரிடம் அதைக் கொண்டு சேர்க்க வேண்டும்.