பிரேக் மேல் விழுந்த பழி

ஒரு ஊரில் ஒரு மினி பஸ் இருந்தது. அதன் ஓட்டுநர் செண்பகராஜுக்கு முன்னால் வேறொரு வண்டி போனால் சோறு இறங்காது. போட்டி பஸ்ஸை முந்திப் போய் அடுத்த நிறுத்தத்தில் ஆளை அள்ளிக்கொள்வதை அவர் பெரிய வீரமென்று நினைத்தார். ஒரு காலையில் அப்படி முந்தும்போது, ரேஷன் கடைக்குச் சாலையைக் கடந்த பேச்சியம்மாள்மேல் பஸ் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவள் உயிர் போயிற்று.

பஸ்ஸைக் காவல் நிலைய வாசலில், வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். செண்பகராஜ் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார்.

"பிரேக் பிடிக்கலை சார்."

அதைக் கேட்டதிலிருந்து பிரேக்குக்குக் கைகால் ஓடவில்லை.

"என்னை அவர் மிதிக்கவே இல்லையே!" என்று நடுங்கியது.

"நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தம்மா ஒதுங்கியிருக்கணும்" என்றது ஹாரன். அதற்கு எப்போதும் தன் சத்தம்தான் பெரிது.

ஆக்சிலேட்டர் மெதுவாக முணுமுணுத்தது. "அவர் கால் என் மேலதான் இருந்துச்சு. நான் சொன்னேன்னு வெளியே சொல்லிராதே. என்னைக் கழற்றிப் போட்ருவாங்க."

பக்கக் கண்ணாடி மட்டும் ஆறுதல் சொன்னது. "நாளைக்கு மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வருவார். மிதிச்சுப் பார்த்துத்தான் எழுதுவார். நீ அசையாம நின்னா, பொய் அங்கேயே செத்துரும்."

பிரேக்குக்கு உயிர் வந்தது. ஆனால் அன்று மதியமே, காவலர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, ஜாமீனில் வந்திருந்த செண்பகராஜ் மெக்கானிக் அந்தோணியோடு வந்து நின்றார்.

அந்தோணி பிரேக்கை மிதித்துப் பார்த்தான். "அண்ணாச்சி, கல்லு மாதிரி நிக்குதே. நல்ல பிரேக்கு."

"அதாண்டே எனக்குப் பயமே! இன்ஸ்பெக்டர் மிதிச்சார்னா நான் ஜெயிலுக்குத்தான். ஆயில் குழாயைக் கொஞ்சம் தளத்தி விடு."

அந்தோணி வண்டிக்கு அடியில் புகுந்தான். ஸ்பேனர் நெருங்கியது.

"வேண்டாம்! என்னை எத்தனை தடவை நீ சரி பண்ணியிருக்கே!" என்று பிரேக் கெஞ்சியது.

"நான் என்ன செய்ய? திருப்புற பக்கம் திரும்புறவன் நான்" என்றது ஸ்பேனர்.

ஆயில் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கியது. பிரேக் தன் பலம் வடிவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அதைவிடக் கொடுமை வேறில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மிதித்தார். பிரேக் மூச்சைப் பிடித்து நிற்கப் பார்த்தது. முடியவில்லை, தரைவரை அமிழ்ந்தது. அவர் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோர்ட்டும் அந்த வரியைத்தான் நம்பியது. பஸ் முதலாளிக்கு அபராதம், ஓட்டுநருக்கு விடுதலை.

பட்டறையில் பழைய பிரேக்கைக் கழற்றி மூலையில் எறிந்தார்கள். புதிதாக வந்தது பளபளவென்று அந்த இடத்தில் ஏறியது. செண்பகராஜ் சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெளியே போட்டி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அண்ணே, இவர் கால் எப்படி? பலமா மிதிப்பாரா, பதமா மிதிப்பாரா?" என்று ஆசையாகக் கேட்டது புதுப் பிரேக்.

பழையது மூலையில் கிடந்தபடியே சொன்னது.

"மிதிப்பார் தம்பி. அடியில ஆள் கிடக்கும்போது மிதிப்பார்."