பாறைக்குழியின் கடைசி மிடறு

இலுப்பைக் காட்டில் அன்று மது விழா. சருகுமான் ஒன்று முதன்முறையாக அதற்குக் கிளம்பியது. முயலளவு உடம்பு, அதைவிடச் சின்ன தைரியம். வழித்துணைக்கு ஒரு நரி சேர்ந்துகொண்டது. நல்ல துணைதான்! அதன் கண்ணெல்லாம் சருகுமானின் தொடைமேல் இருந்தது.

நடந்துகொண்டே நரி விழாவின் கதையைச் சொன்னது. ஒரு பஞ்சத்தில் யானைகள் இலுப்பைப்பூவை எல்லாம் வாரிப் பாறைக்குழியில் சேர்த்துவைத்தனவாம். திடீரென்று மழை கொட்டியதில் பூ ஊறி, நுரைத்து, மதுவாகிவிட்டதாம். பசியில் தவித்த மிருகங்கள் பகையை மறந்து ஒன்றாகக் குடித்தனவாம். அன்றிலிருந்து, குழியில் மது இருக்கும்வரை யாரும் யாரையும் தொடக்கூடாது என்பது காட்டின் சட்டம்.

கதை உண்மைதான். அதன்பிறகு நரி சொன்ன யோசனைகள்தான் மோசம்.

"தம்பி, வெறும் வயித்தோட குடி. நிறுத்தாம குடி. கடைசி சொட்டு வரைக்கும் இடத்தைவிட்டு நகராதே."

சருகுமான் அப்படியே நம்பியது. ஆனால் குழியருகே போனதும் அதற்குக் குடிக்கவே தோன்றவில்லை. சிறுத்தையும் புள்ளிமானும் தோளோடு தோள் உரசிக் குடித்துக்கொண்டிருந்தன. சிறுத்தையின் ஈர மீசை மானின் காதில் பட்டது, மான் அசையவில்லை. மலைப்பாம்பின்மேல் ஏறி நின்று அணில்கள் எட்டி எட்டி நக்கின. யானைகள் குட்டி மிருகங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன. இப்படியும் ஒரு நாள் உலகத்தில் உண்டா! சருகுமானுக்குக் கண் கலங்கியது. பார்த்தது, பார்த்துக்கொண்டே நின்றது.

நரிக்குப் பொறுமை போய்விட்டது. குழி வற்றினால்தானே சருகுமான்மேல் பாயலாம்? மற்றவர்கள் போதுமென்று தலையை எடுத்தபோதும் நரி மடமடவென்று உறிஞ்சியது. அடியில் கிடந்த கடைசி மிடற்றையும் விடவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. பக்கத்தில் சிறுத்தை நின்றிருந்தது.

"குழி காலியாயிடுச்சே, நரியாரே," என்றது சிறுத்தை அமைதியாக.

போதையில் நரியின் கால்கள் பின்னின. ஓட முடியவில்லை. ஒரு சொட்டும் குடிக்காத சருகுமான் ஒரே தாவலில் பாறை இடுக்குக்குள் போய்விட்டது.

அடுத்தவனைக் காக்கும் சட்டம்தான் தன்னையும் காக்கிறது என்பதை மறந்தவன், அதை ஒழித்த நொடியிலேயே தானும் அழிவான்.