வெறும் வயிறு

ஆற்றங்கரை மருத மரத்தடியில் கீரி வைத்தியம் பார்த்தது. மேல்கிளையில் கரிச்சான் குருவி வேடிக்கை பார்த்தது. காட்டில் அது எடுக்காத குரலே கிடையாது.

கீரி மருந்தை வாயால் சொல்லாது. தேக்கிலையில் நகத்தால் கீறிக் கொடுக்கும். "புரிஞ்சுதா? அடுத்த ஆள்!" அவ்வளவுதான்.

ஒருநாள் முள்ளம்பன்றி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ஐயா, என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்!"

மேலிருந்து அச்சு அசலாக அதே குரல்: "ஐயா, இலைக்கு எது தலை, எது வால்னு கொஞ்சம் சொல்லுங்களேன்!"

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து நின்றது தாய்க்கரடி. குட்டிக்கு வயிற்றில் பூச்சி. இலையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தது: 'வெறும் வயிற்றில் வேப்பங்கஷாயம்.' கேட்க வாயைத் திறந்தது. அண்ணாந்து கரிச்சானைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

"புரிஞ்சுதுங்க!"

சில நாள் கழித்துக் கரடியின் குகைப் பக்கம் முனகல் கேட்டது. கரிச்சான் எட்டிப் பார்த்தது. குட்டி சுருண்டு கிடந்தது. வயிற்றில் ஒரு முடி இல்லை!

"என்னக்கா, கோழி உரிக்கிற மாதிரி உரிச்சு வச்சிருக்கே!"

தாய்க்கரடி அந்த வயிற்றைக் கையால் மறைத்தது. "வெறும் வயித்துலன்னு போட்டிருந்துதே தம்பி. முடி இருந்தா வெறும் வயிறு ஆகுமா? பிடுங்கிட்டுக் கஷாயத்தைத் தடவறேன். கத்துறான். வலி குறையவே மாட்டேங்குது."

"வைத்தியரைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நீ என் குரல்ல பேசுவியே."

இந்தக் குரலை மட்டும் கரிச்சானுக்குத் திருப்பிச் சொல்ல வரவில்லை.

மருத மரத்துக்குப் பறந்தது. இலை மறைவில் இருந்து கரடிக் குரலில் கேட்டுவிடலாம். ஆனால் சிரிப்பு கரடி தலையில் விழுமே! தரையில் இறங்கிச் சொந்தக் குரலில் கேட்டது: "வைத்தியரே, வெறும் வயித்துலன்னா என்ன? எனக்குத் தெரியல."

உண்மையிலேயே அதற்கும் தெரியாது.

வரிசை கொல்லென்று சிரித்தது. கரிச்சானுக்கு உடம்பே கூசியது.

"எதையும் திங்கிறதுக்கு முன்னாடி குடிக்கிறது! இதுகூடவா தெரியாது?" என்றது கீரி.

"குடின்னு இலையில இல்லையே! ஒரு குட்டி சாகக் கிடக்குது!"

சிரிப்பு அடங்கியது. கீரி நகத்தை மடக்கிக்கொண்டு கரிச்சான் பின்னாலேயே ஓடியது. குட்டியின் வாயில் கஷாயத்தை ஊற்றிக் காட்டி, எப்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்று வாயாலேயே சொன்னது. "நான் சொன்னதை இப்ப நீங்க ஒருதரம் சொல்லுங்கம்மா," என்றது தணிவாக.

தாய்க்கரடி திக்கித் திக்கிச் சொன்னது. கரிச்சான் அலகைத் திறக்கவில்லை.

குட்டி பிழைத்தது. முடி முளைக்கத்தான் நாளானது. அந்த மொட்டை வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் கரிச்சான் வாலைத் தாழ்த்திக்கொண்டு வேறு கிளைக்குப் போய்விடும்.

தெரியாமல் கேட்பவரைப் பார்த்து ஊர் சிரித்தால், அடுத்து நிற்பவர் கேட்காமலே கெட்டுப்போவார்.